இழையும் உடலும்: சரீர சாஸ்திரத்தின் முதற்பாடம் பற்றி ஓர் ஆய்வு

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் பகலென்றும் இரவென்றும் பாராது ஒலித்துக்கொண்டிருக்கும் விசைத்தறிகளில் மிகுதியாக நெய்யப்படுவது, மனிதர் உடுக்கும் துணி அன்று. புண்ணின்மேல் கட்டும் துணி. பாவிழையும் ஊடிழையும் நெருங்காமல், விரலால் விலக்கினால் விலகும்படி நெகிழ்வாக நெய்யப்பெற்று, காரமிட்டு வேகவைத்து வெளுக்கப்பெற்று, சுருளாகவும் மடிப்பாகவும் கட்டப்பெற்ற இந்தப் பேண்டேஜ் துணி, நம் தேசத்து மருத்துவமனைகளுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்கின்றது. வெளுக்காத பஞ்சு தண்ணீரில் மிதக்கும் என்பதும், இழையைப் போர்த்திருக்கும் இயற்கை மெழுகு நீங்கிய பின்னரே அது நீரையும் இரத்தத்தையும் உறிஞ்சும் என்பதும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டாத செய்திகள். ஆனால் அத்துணி சென்று படியும் இடமாகிய மனித சரீரமும் ஒருவகை நெசவே என்பதை, அதே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கேட்டறிவதில்லை.

1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இங்கே நூற்பாலையை நிறுவிய நாள் முதலாகப் பஞ்சும் நூலுமாகவே வளர்ந்த இந்நகரத்தில், பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையில், இக்குறை என் நெஞ்சை விட்டு அகலாமல் இருக்கின்றது. வளர்ந்த மனிதனின் எலும்புகள் 206 என்றும், இருதயம் நிமிஷத்துக்கு 70 முறைக்கு மேல் துடிக்கும் என்றும், இரத்தம் சுமார் 5 லிட்டர் என்றும் பிள்ளைகள் தங்குதடையின்றி ஒப்பிக்கின்றனர். "தறியில் பட்டு விரல் கிழிந்ததே, அது எப்படி அப்பா ஒட்டிக்கொண்டது?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் மௌனமாகிவிடுகின்றது. பிள்ளைகளின் அறிவுக்குறைவு இதற்குக் காரணமாகாது. தொடங்கிய இடத்தில்தான் பிழை உள்ளது. ஆதலின், மனித உடலின் அமைப்பையும் தொழிலையும் முதன்முதலாகக் கற்கப் புகுவோன் எவ்விடத்திலிருந்து தொடங்குவது நலம் என்னும் வினாவை, இதுகாறும் உலகிலும் தமிழிலும் கையாளப்பட்ட முறைகளோடு வைத்து ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

மிகப் பழைய முறை, உச்சி முதல் உள்ளங்கால் வரை உறுப்புகளை வரிசையாக எண்ணிச் செல்வது. வருணனைக்கு ஏற்ற அம்முறை விளக்கத்துக்கு ஏற்றதன்று. மூளைக்குப் பின் கண்ணும் கண்ணுக்குப் பின் மூக்கும் வருவதற்கு அவை அடுத்தடுத்து இருப்பதையன்றி வேறு காரணம் இல்லை. நம் சித்த வைத்தியர்கள் வேறொரு வழியில் சிந்தித்தனர். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என ஏழு தாதுக்களை வகுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்று விளைவதாக அவர்கள் கூறியதில், உறுப்புகளின் பெயரைக் காட்டிலும் உறுப்புகள் எதனால் ஆயின என்ற வினாவே முற்பட்டு நிற்பது கவனிக்கத்தக்கது. எழுபத்தீராயிரம் நாடிகள் என்ற அவர்களுடைய கணக்கை அறுத்துப் பார்த்து உறுதி செய்ய இயலாது. எனினும் 'உடல் எதனால் ஆயது?' என்று கேட்ட அந்தக் கேள்வி சரியான கேள்வி.

மேனாட்டில் 1543-இல் வெசாலியஸ் என்ற இளம் பேராசிரியர் தம் கையாலேயே பிரேதங்களை அறுத்துக் கண்டவற்றை ஏழு பாகங்கள் கொண்ட பெருநூலாக வெளியிட்டபோது, எலும்புகளையே முதற்பாகத்தில் வைத்தார். வீடு கட்டுவோன் முதலில் தூண் நிறுத்துவது போன்றது அது. அவர் காலம் வரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வேதவாக்காகக் கொள்ளப்பட்ட காலன் என்ற கிரேக்க வைத்தியரின் சரீர வர்ணனை, பெரும்பாலும் குரங்கையும் பன்றியையும் அறுத்துக் கண்டது என்பதை வெளிப்படுத்திய பெருமை அந்நூலுக்கு உண்டு. ஆயினும் எலும்பிலிருந்து தொடங்கும் மாணவன் சாவிலிருந்து தொடங்குகிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. உலர்ந்த எலும்பைக் கண்டு பழகியவனுக்கு, உயிருள்ள எலும்பு இரத்தம் ஓடுவதும் வளர்வதும் உடைந்தால் கூடுவதுமான பொருள் என்ற எண்ணம் பிறகு எளிதில் வருவதில்லை. இக்காலப் பாடப்புத்தகங்கள் செரித்தல், சுவாசித்தல், கழிவு நீக்கம் என்று மண்டலம் மண்டலமாகப் பிரிக்கின்றன. இது மேலான முறையே. ஒவ்வொரு மண்டலமும் தனித்தனிப் பெட்டியாகிவிடுவது ஒன்றே அதன் குறை.

தமிழில் இப்பாடத்தை முறையாகக் கற்பிக்க முயன்றவர்களில் முதலிடம் பெறத்தக்கவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1822-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்து, 1847-இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அப்பெருமகனார், முதலில் ஆங்கிலத்தில் மாணவரைப் பயிற்றுவித்தார். ஆங்கிலம் கற்றவர் பட்டணத்தையும் சம்பளத்தையும் நாடிச் செல்ல, கிராமத்து நோயாளி முன்போலவே கிடப்பதைக் கண்டு, தாமே தமிழ் கற்று, 1860-களில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்', பின்னர் 'மனுஷ சுகரணம்' என, மொழிபெயர்த்தும் மேற்பார்த்தும் அவர் வெளிக்கொணர்ந்த நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. அங்காதிபாதம் என்றது உடலமைப்பை. சுகரணம் என்றது உடலின் தொழிலை. ஒரு சொல் வேண்டுமானால் முதலில் தமிழில் தேடுவது, இல்லையேல் சம்ஸ்கிருதத்தில் தேடுவது, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்ற அவருடைய ஒழுங்கைக் காட்டிலும் நேர்மையான ஒழுங்கை இன்றளவும் யாரும் வகுத்ததாக நான் அறியேன். 1873-இல் அவர் தாயகம் திரும்பினார், 1884-இல் காலமானார், அவருக்குப் பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைத் தமிழில் உருவாக்கிக் காட்டிய ஒரு முயற்சி, போதிய ஆதரவின்றி அற்றுப்போனதை நினைக்குந்தோறும் மனம் வருந்துகின்றது.

கிரீன் விட்டுச்சென்ற வழியில் ஈழத்துத் தமிழர் பின்னர் ஆக்கிக்கொண்ட சொற்களில் ஒன்று இக்கட்டுரையின் கருத்துக்கு உயிர்நாடியானது. உடலை ஆக்கும் பொருளை நாம் தமிழ்நாட்டில் 'திசு' என்கிறோம். ஈழத்துப் பாடநூல்கள் 'இழையம்' என்கின்றன. திசு என்பது டிஷ்யூ என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. அது பிரெஞ்சு மொழியில் நெய்யப்பட்டது என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. முப்பத்தொரு வயது நிரம்புமுன்னரே 1802-இல் மாண்ட பிஷா என்ற பிரெஞ்சு வைத்தியர், பூதக்கண்ணாடியின் துணையும் இன்றி, உறுப்புகளை வேகவைத்தும் ஊறவைத்தும் உலர்த்தியும் பிரித்து ஆராய்ந்து, உறுப்புகள் பலவாயினும் அவற்றை ஆக்கும் நெசவுகள் சிலவே என்று கண்டார். இருபத்தொன்று என்று அவர் எண்ணியதைப் பிற்கால விஞ்ஞானிகள் நான்கு பெரும் வகைகளுள் அடக்கினர்: மேற்பரப்பைப் போர்ப்பது, இடையே பிணைப்பது, இழுப்பது, செய்தி கொண்டு செல்வது. இரைப்பையும் இருதயமும் கையும் இந்நான்கும் வெவ்வேறு அளவில் கலந்த துணிகளே. இதிலிருந்து தொடங்கினால், மாணவன் மனப்பாடம் செய்யவேண்டியது குறைந்து, விளங்கிக்கொள்வது மிகும் என்பதே என் துணிபு. அதிலும், தறியோசையில் கண்விழிக்கும் ஊர்ப்பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வாயில் வேறில்லை.

வெட்டுப்பட்ட விரலையே எடுத்துக்கொள்வோம். தோல் கிழிந்து நுண்ணிய இரத்தக் குழாய் அறுந்தவுடன், அக்குழாய் தானாகவே சுருங்குகின்றது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கு லட்சம் வரை மிதந்துகொண்டிருக்கும் இரத்தத் தட்டுகள், கிழிந்த விளிம்பில் ஒட்டி, ஒன்றையொன்று அழைத்துத் திரண்டு, தற்காலிகமான ஓர் அடைப்பை உண்டாக்குகின்றன. பெருவெள்ளத்தில் உடைந்த கண்மாய்க் கரையில் முதலில் கைக்கு எட்டிய மண்மூட்டையை இடுவது போன்ற வேலை இது, நிலைத்து நிற்பதன்று. அடுத்து நிகழ்வதே ஆச்சரியமானது. இரத்தத்தில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஃபைப்ரினோஜன் என்ற புரதம், அந்த இடத்தில் மாத்திரம், ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டப்படும் பல காரணிகளின் முடிவில், ஃபைப்ரின் என்ற கரையாத இழையாக மாறுகின்றது. இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வலையாகி, செவ்வணுக்களைச் சிக்கவைத்து, சில நிமிஷங்களில் உறைகட்டியாக இறுகுகின்றன. அதாவது, நாம் வெளியே ஒரு துணியைச் சுற்றுமுன்னரே உடல் உள்ளே ஒரு துணியை நெய்துவிடுகின்றது. வெளியே வைத்து அழுத்தும் துணியும் சும்மா இருப்பதில்லை. அழுத்தத்தால் பெருக்கைத் தடுப்பதோடு, தன் இழைகளின் பரப்பில் இரத்தம் விரைந்து உறையவும் உதவுகின்றது. கால்சியமும் வைட்டமின் கே என்ற சத்தும் இல்லாவிடில் இந்த நெசவு நடைபெறாது.

அவசர நெசவு முடிந்தபின் நிரந்தர நெசவு தொடங்குகின்றது. சில நாட்களில் நாரணுக்கள் காயத்துள் புகுந்து கொலாஜன் என்ற புரத நாரை இடுகின்றன. உடலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இதுவே. தோலின் உறுதி, எலும்பின் வளைதிறன், தசைநாணின் வலிமை யாவும் இதனால் ஆவன. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறிய முப்புரி நூல் இதன் வடிவம். இம்முறுக்கு நிலைபெற வைட்டமின் சி வேண்டும். அது கிட்டாத நெடுங்கடற் பயணங்களில் மாலுமிகளின் ஈறு வீங்கி இரத்தம் கசிந்ததும், ஆண்டுகள் பல கடந்த பழைய தழும்புகள்கூடப் பிரிந்து மீண்டும் புண்ணானதும் சரித்திரம். தழும்பு என்பது முடிந்துபோன காரியம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது இடையறாது அவிழ்த்தும் நெய்தும் பேணப்படுவது. எலுமிச்சையும் ஆரஞ்சும் அந்நோயைத் தீர்ப்பதை 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் சோதித்துக் காட்டினார். நம் தோட்டத்து நெல்லிக்காயில் அச்சத்து எலுமிச்சையைவிடப் பன்மடங்கு உண்டு. இவ்வளவு செய்தும், ஆறிய தழும்பு பழைய தோலின் வலிமையில் நூற்றுக்கு எண்பது பங்கை எட்டினாலே அதிகம். ஒட்டுப் போட்ட துணி முழுத் துணி ஆகாது என்பது தறிக்காரருக்குப் புதிதன்று.

இரத்தம் ஓடும் வழியைக் கண்டுபிடித்ததிலும் கட்டுத்துணிக்கு ஒரு பங்கு உண்டு. இரத்தம் ஈரலில் உண்டாகி உடலெங்கும் சென்று தீர்ந்துவிடுகிறது என்று கருதப்பட்ட காலத்தில், வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய வைத்தியர் முழங்கைக்கு மேல் ஒரு கட்டுப் போட்டு, கீழே புடைத்தெழுந்த சிரைகளை விரலால் வழித்துப் பார்த்தார். இரத்தம் மேல்நோக்கி எளிதாகச் சென்றது. கீழ்நோக்கித் தள்ளினால் ஆங்காங்குள்ள தடுக்கிதழ்கள் மறித்தன. பின்னர் அவர் செய்த கணக்கு அதைவிட அழகானது. ஒரு துடிப்பில் இருதயம் வெளித்தள்ளும் அளவை மிகக் குறைவாகவே வைத்து, அரைமணி நேரத்துத் துடிப்புகளால் பெருக்கினாலும், அது உடலிலுள்ள மொத்த இரத்தத்தைவிட மிகுகின்றது. ஆகவே சென்ற இரத்தமே திரும்பி வரவேண்டும் என்று 1628-இல் நிலைநாட்டினார். சென்றது எப்படித் திரும்புகிறது என்பதை மாத்திரம் அவர் கண்ணால் காணவில்லை. அவர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின், 1661-இல், இத்தாலியரான மால்பீகி தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் வைத்து, தமனிக்கும் சிரைக்கும் இடையே மயிரினும் மெல்லிய குழாய்களைக் கண்டார். அவற்றுக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'தந்துகி'. தந்து என்றால் நூல். அப்பெயரிட்டவர் யாராயினும் கைகூப்பத் தக்கவர்.

இதை ஏட்டில் படிப்பதோடு நில்லாமல் மலையேறிப் பார்ப்பதும் நன்று. வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறையை அடைந்து சதுரகிரி ஏறும் பக்தர்கள் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஆயிரக்கணக்கில் வருகின்றனர். அடிவாரத்தில் மணிக்கட்டில் கட்டைவிரற்புறமாக மூன்று விரலை வைத்து நாடியை எண்ணிக்கொண்டு, செங்குத்தான ஓர் ஏற்றம் கடந்தபின் மறுபடி எண்ணினால் 70 என்றிருந்தது 130-ஐத் தாண்டக் காணலாம். ஓய்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 5 லிட்டர் இறைக்கும் இருதயம், கடும் உழைப்பில் 20 லிட்டரும் அதற்கு மேலும் இறைக்கின்றது. அப்போது குடலுக்குச் செல்லும் தந்துகிகள் பல மூடிக்கொள்ள, தொடைத் தசையின் தந்துகிகள் திறந்துகொள்கின்றன. வயிறு நிறைய உண்டு மலையேறலாகாது என்று முன்னோர் விலக்கியதன் காரணம் இதுவே.

தசையைப் பற்றிச் சொல்வதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்வடத்தைவிடத் தக்க உவமை எனக்குக் கிடைக்கவில்லை. வடத்தைப் பிரித்தால் புரிகள், புரியைப் பிரித்தால் கயிறுகள், கயிற்றைப் பிரித்தால் நார்கள் இருப்பதுபோல, தசையினுள் கற்றைகளும், கற்றையினுள் தசைநார்களும், நாரினுள் நுண்ணார்களும், அதனுள் ஆக்டின், மயோசின் என்ற இருவகை இழைகளும் உள்ளன. தசை சுருங்கும்போது இவ்விழைகள் எவையும் குறுகுவதில்லை. ஒன்றன் ஊடே ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்பதை 1954-இல்தான் விஞ்ஞானிகள் இரு குழுவினராக ஒரே சமயத்தில் வெளியிட்டனர். தசைக்கு இழுக்கத் தெரியும்; தள்ளத் தெரியாது. ஆகவே கையை மடக்க ஒரு தசையும் நீட்ட எதிர்த் தசையும் வேண்டியிருக்கின்றன.

சுவாசத்தைப் பற்றிப் பேசுமிடத்து, பஞ்சு நகரத்தில் வாழ்வோனாகிய எனக்கு விரைந்து கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை. மூக்கின் வழிச் சென்ற காற்று, மூச்சுக் குழலில் இறங்கி, மரம் தலைகீழாக நின்றாற்போல் இருபதுக்கு மேற்பட்ட முறை கிளைத்துக் கிளைத்து, முடிவில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளை அடைகின்றது. அவ்வறைகளைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்பாகும். ஒவ்வொன்றையும் தந்துகி வலை சூழ்ந்திருக்கின்றது. உட்செல்லும் காற்றில் நூற்றுக்கு 21 பங்காக இருந்த பிராணவாயு, வெளிவரும் காற்றில் 16 பங்காகக் குறைகின்றது. கரியமில வாயு மிகச் சொற்பத்திலிருந்து 4 பங்காக உயர்கின்றது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கைவிடவும் மெல்லியது. இவ்வளவு மெல்லிய பொருளைக் காக்க, மூக்கின் மயிரும் கோழையும் பெருந்தூசியைத் தடுக்கின்றன. குழல்களின் உட்புறத்து நுண்மயிர்கள் இடையறாது அசைந்து கோழையோடு தூசியை மேலே தள்ளுகின்றன. அவற்றையும் தப்பி உள்ளே சென்றவற்றை விழுங்க வெள்ளணுக்களின் இனத்தவை காத்திருக்கின்றன.

காவல் மூன்றாயினும் எல்லையற்றது அன்று. பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூமிலும், சீவும் கார்டிங்கிலும் எழும் நுண்தூசியில் பஞ்சுச் செடியின் சருகுத் துகளும், அதில் வளர்ந்த கிருமிகளின் நஞ்சும் கலந்திருக்கின்றன. இதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவருக்கு, வாரவிடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுவதும் மூச்சு முட்டுவதும், மறுநாள் அது தணிவதும் உலகெங்கும் பஞ்சாலைகளில் காணப்பட்ட நோயின் தொடக்கக் குறிகள். ஓய்வு நாளில் தூசிக்குப் பழக்கம் விட்ட குழல்கள் அதை மீண்டும் சந்திக்கையில் கடுமையாகச் சுருங்குவதால் இது நேர்கின்றது. அப்பொழுதே கண்டுகொண்டு தூசியிலிருந்து விலகினால் மீளலாம். அசட்டையாக விட்டால் இறுக்கம் வாரம் முழுவதும் நீடித்து, பின் நிரந்தரமாகிவிடும். 1700-லேயே ராமஸ்ஸீனி என்ற இத்தாலிய வைத்தியர் சணல் சீவுவோரின் இருமலைப் பற்றி எழுதி, நோயாளியிடம் அவனுடைய தொழில் என்ன என்று கேட்கவேண்டும் என வைத்தியர்களை வற்புறுத்தினார். என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகளின் தகப்பன்மார் மில்லில் உழைத்தவர்கள். விடுமுறைக்கு மறுநாள் வரும் மூச்சிறைப்பை வயதின் தளர்ச்சி என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். நுரையீரலின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு, இந்த ஒரு செய்தியும் தெரிந்திருந்தால், தகப்பனாரை உரிய காலத்தில் வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருப்பான்.

தறிக்கூடத்தின் ஓசையும் இவ்வாறே. செவிப்பறையின் அதிர்வை, சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் ஏந்தி, நத்தை வடிவான உட்செவிக்கு அனுப்புகின்றன. உடலின் மிகச் சிறிய எலும்பாகிய அங்கவடி 3 மில்லிமீட்டர் அளவினது. உட்செவியில் சுமார் 15,000 மயிரணுக்கள் அவ்வதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. தோல் ஆறும், எலும்பு கூடும், ஈரலும் வளரும். இம்மயிரணு அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்பவர் முதலில் இழப்பது உச்சமான ஒலிகளை. பேரக்குழந்தையின் மழலை விளங்காதபோதுதான் இழப்பு தெரியவருகின்றது.

உணவின் கதைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை வைத்துக்கொள்ளலாம். இரைப்பையினுள் நடப்பதைக் கண்ணால் கண்ட வரலாறும் ஒரு புண்ணிலிருந்தே தொடங்குகின்றது. டாக்டர் கிரீன் பிறந்த அதே 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலியாளின் வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவனைப் பிழைக்கச் செய்த இராணுவ வைத்தியர் போமாண்ட், ஆறாது நின்ற துளையின் வழியே, பட்டு நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை உள்ளே இறக்கி, குறித்த நேரத்தில் வெளியே இழுத்துப் பார்த்து, இரைப்பை நீரே உணவைக் கரைக்கின்றது என்பதை நிலைநாட்டி 1833-இல் நூலாக வெளியிட்டார். விஞ்ஞானம் அதனால் வளர்ந்தது உண்மை. ஏழையொருவனின் ஆறாப் புண்ணைத் திறந்த ஜன்னலாகவே வைத்துப் பார்த்தது தர்மமா என்ற வினாவும் அதனோடு சேர்ந்தே நிற்கின்றது.

பால்கோவாவின் புரதம் இரைப்பையின் அமிலத்தில் திரிந்து, பெப்சின் என்ற நொதியால் துண்டாகின்றது. நெய்ப்பசை சிறுகுடலை அடைந்தபின், ஈரலிலிருந்து வரும் பித்தநீரால் சிறு துளிகளாகச் சிதறி, கணையநீரால் பிளவுபடுகின்றது. சர்க்கரையும் பாலிலுள்ள இயற்கைச் சர்க்கரையும் குடற்சுவரின் நொதிகளால் உடைகின்றன. பால் சர்க்கரையை உடைக்கும் நொதி வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடும். பால் எவ்வளவு சுண்டினாலும் அச்சர்க்கரை அழிவதில்லையாதலால், மிகுதியாகத் தின்ற பெரியவருக்கு வயிறு உப்புவதில் வியப்பில்லை. ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உட்புறம், துருக்கித் துவாலையின் பரப்பைப்போல் எண்ணற்ற குச்சங்களால் ஆனது; துவாலை நீரை உறிஞ்சும் காரணமும் குடல் சத்தை உறிஞ்சும் காரணமும் பரப்பின் மிகுதியே.

சிறுநீரகங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். ஒவ்வொன்றிலும் உள்ள சுமார் பத்து லட்சம் தந்துகி முடிச்சுகள், இரண்டிலுமாகச் சேர்ந்து, நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடிக்க, அதில் ஒன்றரை லிட்டர் நீங்கலாக யாவும் இரத்தத்துக்கே திரும்புகின்றன. நம் கோடையில் வியர்வையாக நீர் கழிந்து, குடிப்பதும் குறைந்தால், வடிநீர் செறிந்து உப்புகள் படிகமாகிக் கல்லாகின்றன. நரம்பும் இழைக்கட்டே, சூடான தோசைக்கல்லில் பட்ட கை, வலி என்று மனம் அறியுமுன்னரே தண்டுவடத்தின் கட்டளையால் விலகிவிடுகின்றது என்ற ஒன்றே தொடக்கத்துக்குப் போதும்.

நெசவு என்ற உவமைக்கும் எல்லை உண்டு என்பதை மறைப்பது முறையன்று. சுரப்பிகளின் செய்தி எந்த இழையின் வழியும் செல்வதில்லை. இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவி, ஏற்பதற்குரிய செல்லில் மாத்திரம் வேலை செய்கின்றது. 1921-இல் பாண்டிங்கும் பெஸ்டும் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த இன்சுலின் அத்தகையது. துணி தன்னைத் தானே நெய்துகொள்வதில்லை. உடலோ தறியும் நெசவாளியும் துணியுமாகத் தானே இருக்கின்றது. செவ்வணுவின் ஆயுள் 120 நாள். மேல்தோல் ஒரு மாதத்தை ஒட்டி முழுதும் மாறிவிடும். இவ்வெல்லைகளைச் சொல்லியே உவமையைக் கையாளவேண்டும்.

பிரேதத்தைத் தொடுவது தீட்டு என்றிருந்த நாட்டில், 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்ற வைத்தியர் கத்தியைக் கையில் எடுத்தபோது பழைய தடை உடைந்தது. சென்னையில் அதற்கு முந்திய ஆண்டே வைத்தியப் பள்ளி தொடங்கிவிட்டது. மதுரைக்கு 1954-இலும், நம் விருதுநகருக்கு 2022-இலும் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. இம்மாவட்டத்துப் பிள்ளை இனி உடற்கூற்றைக் கற்கத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மருத்துவப் பெருநூல்கள் சில அரசின் முயற்சியால் தமிழில் வெளிவரத் தொடங்கியிருப்பது, கிரீன் விட்ட இழையை ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பிணைக்கும் செயல். ஈழத்தின் இழையம், கலம், சதையி என்ற சொற்களையும் நம்முடைய திசு, செல், கணையம் என்ற சொற்களையும் அருகருகே வைத்துப் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் இருகரையிலும் உள்ள நூல்கள் அவர்களுக்குப் பயன்படும்.

முதற்பாடம் ஒன்றைத் திட்டமிட்டுக் கொடுக்கும்படி என்னைக் கேட்டால், படமும் வேண்டாம், எலும்புக்கூடும் வேண்டாம் என்பேன். சத்திரப்பட்டித் துணியில் ஆளுக்கு ஒரு சாண் கொடுத்து, ஓர் இழையை உருவச் சொல்லி, அது விட்ட இடைவெளியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் செய்வேன். பிறகு அத்துணியையே முழங்கைக்கு மேல் சற்றே இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஹார்வி கண்ட தடுக்கிதழ்களைத் தத்தம் கையில் தேடச் சொல்வேன்; ஒரு நிமிஷத்துக்குள் கட்டை அவிழ்த்துவிடவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதன்பின், ஆறிய தழும்பு உள்ளவர்கள் யார் யார் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தம் தழும்பின் கதையைச் சொல்லச் செய்வேன்.